ஏட்டு விசாரித்த பல் வலி

பிள்ளைகளா,

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள், பிரியாணி போட்டீர்கள். இரண்டுக்கும் நன்றி. பொன்னாடை இப்போது எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு உறையாக இருக்கிறது. பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "மேடம், கொலை, கொள்ளை, மோசடி, செயின் பறிப்புன்னு எல்லா கேஸுக்கும் போன் ஒட்டுக்கேட்கிற அதிகாரத்தை நமக்குக் கொடுத்துட்டா பாதி வேலை குறைஞ்சிடும் இல்லையா?" என்றார். அரங்கமே கை தட்டியது. முன்வரிசையில் பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பல்லைக் காட்டி, "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். நம் துறையில் ஒருவர் நல்ல கேள்வி என்று சொன்னால் பதில் சொல்லும் உத்தேசம் அவருக்கு இல்லை என்று பொருள்.

இப்போது ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. என்னை மாற்றல் செய்ய யாராலும் முடியாது. ஆகவே அந்தத் தம்பிக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். வகுப்பில் தூங்கியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவருடைய போனில் நாம் காதை வைக்க வேண்டுமானால் பொது அவசரநிலை இருக்க வேண்டும், இல்லையென்றால் பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து இருக்க வேண்டும். உள்துறைச் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஒரு குழு உட்கார்ந்து அது சரிதானா என்று பார்க்கும். தலைபோகிற அவசரம் என்றால் நம் துறையிலேயே உயரத்தில் இருப்பவர் கையெழுத்தை வைத்து ஆரம்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாரச் சொச்சத்துக்குள் உள்துறை அதை உறுதி செய்யாவிட்டால் உத்தரவு செத்துப்போகும், பதிவுகளையும் அழித்துவிட வேண்டும். சாதாரணக் குற்றத்துக்கு இந்த வாசலில் இடம் இல்லை. அதனால் நம் ஆட்கள் சாதாரணக் குற்றத்துக்கு வேஷம் கட்டி உள்ளே அனுப்புவார்கள். அதிகாரத்தை விரிக்க வேண்டும் என்று கோர்ட்டிலும் ஆபீஸிலும் இன்று பேசுகிறார்கள். நாங்கள் அதை ரொம்ப நாளாகச் சத்தமில்லாமல் விரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நான் இன்ஸ்பெக்டராக இருந்தபோது எங்கள் பிரிவுக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். கெட்டிக்காரர், கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் சின்னதாகப் பார்க்க அவருக்கு வராது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே ஒரு மீனவக் குப்பத்தில், ஆந்திரா பக்கத்துப் படகுகளிடமிருந்து நடுக்கடலில் கஞ்சாப் பொட்டலம் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று ஒரு தகவல் வந்தது. ஒரு போன் நம்பரும் கிடைத்தது. நம்பர் ஏழுமலை என்ற மீனவரின் பெயரில் இருந்தது. அவருக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு.

கஞ்சா பிடிக்க நமக்கு வேறு நூறு வழி இருக்கிறது. ஆனால் அதிகாரிக்கு ஒட்டுக்கேட்டே தீர வேண்டும். அவர் எழுதிய காரணத்தைப் படித்துப் பார்த்தேன். கடல் வழி, அருகிலேயே துறைமுகம், கரையோரமாக எண்ணெய்க் குழாய், பக்கத்தில் அனல் மின் நிலையம். இந்தப் படகு இன்று கஞ்சா கொண்டுவரும், நாளை வெடிகுண்டு கொண்டுவரும், ஆகவே பொதுப் பாதுகாப்புக்குப் பேராபத்து. படித்து முடித்ததும் ராயபுரத்தில் இருக்கும் என் வீட்டை உடனே காலி செய்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது. மேலே இருந்தவரும் பயந்து கையெழுத்துப் போட்டார். அவசர உத்தரவு வந்துவிட்டது.

எங்கள் அறை யானைக்கவுனிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே மிளகாய் மண்டி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தும்முவோம். அங்கே எனக்குத் துணையாக இருந்தவர் தாமு ஏட்டு. புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர். நல்ல காவலர், ஆனால் இந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாதவர். யார் வீட்டுப் பேச்சைக் கொடுத்தாலும் இரண்டாம் நாளே அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

ஏழுமலையின் நம்பரில் வந்ததெல்லாம் கடலிலிருந்து பேசும் பேச்சு. படகிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து படகுக்கு. வீட்டில் பேசுவது அவர் மனைவி கஸ்தூரி. எண்ணூர் சாலையோரம் தார்ப்பாய் கட்டி மீன் விற்பவள். கணவனுடன் அவள் பேசுவதில் பாதி சண்டை, மீதி சாப்பாடு. அம்மா செத்த பிறகு அவளே வளர்த்த தம்பி ஒருவன், பிரபு. அவனும் அதே படகில்தான் போகிறான். "தம்பி துன்னானா? அவனுக்கு நெத்திலிக் கொழம்பு தனியா எத்து வெச்சிகீறேன், நீ கைய வெக்காத" என்பாள். அந்த வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. அதைத் தவிர எங்களுக்கு வேறு செய்தி இல்லை.

"மேடம், இந்த ஏழுமலைக்கு மனசாட்சியே கெடையாது" என்று தாமு ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் பொரிவார். "அந்தம்மா பல்லு வலில துடிச்சிகினு கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவாம, மீனு மீனுன்னுகினு கீறான் பாரு."

"தாமு, நாம கஞ்சா பிடிக்க வந்திருக்கோம்."

"அத்த பிடிக்கலாம் மேடம். கிராம்பு வெச்சி கடிச்சா வலி கொறயும். யாராச்சும் சொல்லணும் இல்ல?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வேறு மாதிரியான அழைப்பு வந்தது. படகிலிருந்து ஒரு ஆண் குரல். கரையில் இருக்கும் யாரோ ஒருவனிடம், பொட்டலம் வாங்கியாயிற்று, எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்று விசாரித்தது. மறுநாளும் அப்படியே. மோட்டார் சத்தமும் காற்றும் சேர்ந்து குரலைப் பாதி தின்றுவிட்டன. அது யார் குரல் என்று தாமுவாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அதிகாரியால் மட்டும் முடிந்தது. நம்பர் ஏழுமலையுடையது, படகு ஏழுமலையுடையது, ஆகவே குரலும் ஏழுமலையுடையது. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போன் ஒருவன் பெயரில் இருந்தால் பேசுகிறவனும் அவன்தானே என்று நினைத்தோம்.

உத்தரவு சாகும் நாள் வந்தது. உள்துறை அதுவரை உறுதி செய்யவில்லை. காலையில் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கைது ஒன்றைக் காட்டினால் உறுதி செய்துவிடுவார்கள், அதன் பிறகு குப்பத்தில் இருக்கும் எல்லா நம்பர்களையும் கேட்கலாம் என்றார். ஏழுமலையைத் தூக்கி வாருங்கள் என்றார். முதலில் கஞ்சா வழக்கு, அடுத்து குண்டர் சட்டம். உங்களுக்குத் தெரியும், அதில் போட்டால் ஒரு வருடம் ஜாமீன் பேச்சே கிடையாது. படகையும் பறிமுதல் செய்யலாம். அந்த வீட்டில் படகு போனால் சோறு போகும்.

தாமுவையும் கூட்டிக்கொண்டு, சாதாரணப் புடவையில் கிளம்பினேன். எண்ணூர் சாலையில் வழக்கம்போலக் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. ஜீப்பை அவற்றின் மறைவில் நிறுத்திவிட்டு நடந்தோம். கருங்கல் கொட்டிய கரை. அதற்குப் பின்னால் மணலில் ஓர் ஆள் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி, இரண்டு கையாலும் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். சிம் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தில் பார்த்த அதே முகம். ஏழுமலை.

ஒரு வாரமாக மனதுக்குள் குடித்தனம் நடத்தியவரை நேரில் பார்த்ததும் தாமுவுக்கு ஒரே உற்சாகம். "இன்னா மேடம், இவ்ளோ ஒல்லியா கீறான்!" என்றார்.

அப்போது, எங்களுக்குப் பதிலாக அறையில் ஹெட்போனுடன் உட்கார வைத்திருந்த பெண் காவலர் என் செல்லுக்கு அழைத்தாள். "மேடம், ஆள் லைன்ல இருக்கான். பொட்டலத்தைப் பத்திப் பேசறான். இப்ப, இந்த நிமிஷம்."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். ஊசி மேலே போனது, கீழே வந்தது. வாய் மூடியிருந்தது. பக்கத்தில் போன் எதுவும் இல்லை.

"நல்லாப் பாரும்மா. எங்கேருந்து பேசறான்?"

"கடல்லேருந்து மேடம். மோட்டார் சத்தம் கேக்குது."

ஹெட்போனில் பேசுகிறவன் கடலில் இருந்தான். எங்கள் கண் முன்னால் இருந்தவன் வலை தைத்துக்கொண்டிருந்தான். தாமு என்னைப் பார்த்தார், நான் தாமுவைப் பார்த்தேன். உடனே அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"மேடம், நம்பர் யார் பேர்ல இருக்கு?" என்றார் அவர்.

"ஏழுமலை பேர்ல சார்."

"படகு?"

"அதுவும் அவர் பேர்லதான். ஆனா சார், ஆள் என் முன்னால வலை தைச்சிட்டிருக்காரு. பேசறவன் கடல்ல..."

"சாயங்காலம் உத்தரவு முடியுது. அதுக்குள்ள கைது காட்டலைனா ஃபைலை என் மூஞ்சியில விட்டெறிவாங்க. ஆளைக் கூட்டிட்டு வாங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசிக்கலாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த அப்புறம் வரும்வரை ஏழுமலை புழல் சிறையில் களி தின்றுகொண்டிருப்பார். நான் "சிக்னல் சரியில்லை சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அறுபதடி தூரத்தில் செல்போன் கோபுரம் ஒன்று நின்றது, தாமு அதை எனக்குச் சுட்டிக்காட்டினார்.

ஏழுமலையை நேரே பிடித்து விசாரித்தால் குப்பம் கூடிவிடும், கடலில் இருப்பவனுக்குச் செய்தி போய்விடும். கஸ்தூரியிடம் போவோம் என்று முடிவு செய்தேன். சாலையோரத் தார்ப்பாய்க்குக் கீழே அவள் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மீன் வாங்குவது போலப் பேச்சை ஆரம்பித்து, மெதுவாகப் படகுக்கும் போனுக்கும் வருவது என் திட்டம். பயிற்சியில் இதற்கெல்லாம் பெயர் வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

"சங்கரா மீன் இருக்காம்மா?" என்றேன்.

"தோ, கீது பாருக்கா. இப்ப தான் வந்துச்சி."

என் திட்டத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். தாமு அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் குனிந்து, சொந்த அண்ணன் மாதிரி விசாரித்தார். "பல்லு வலி எப்டிம்மா கீது? கிராம்பு வெச்சி பாத்தியா?"

மீன் பாதியில் நின்றது. கஸ்தூரி நிமிர்ந்தாள்.

"எனுக்கு பல்லு வலினு உனுக்கு எப்டி தெரியும்?"

"இல்லமா, கன்னம் வீங்கிகீதே, அதான்..."

"வீங்கினது இன்னிக்கு காலைல. நேத்து வரிக்கும் வீக்கமே இல்ல. பல்லு வலினு எங்க வூட்டுக்காரராண்ட போன்ல மட்டும் தான் அழுதேன். நீ யாரு?"

தாமுவின் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இனி மறைத்துப் பயன் இல்லை. அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் படிக்கவில்லை. படிக்காமலே புரிந்துகொண்டாள்.

"போன ஒட்டு கேட்டீங்களா? எங்க வூட்டு பேச்ச?" அவள் குரல் எழும்பவில்லை, இறங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எம் புருசனாண்ட நான் இன்னா இன்னா பேசுவேன், அதெல்லாம் இந்த ஆளு காதுல மாட்டிகினு கேட்டுகினு குந்தினு இருந்தாரா? கலீஜா இல்ல உங்களுக்கு?"

எனக்கு முகம் எரிந்தது. அவளுடைய சமையல், சண்டை, அவள் கணவனைக் கொஞ்சும் விதம் எல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்கு என் பெயர்கூடத் தெரியாது. எதிரே நின்று பேசவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நேரம் போய்க்கொண்டிருந்தது. செல் புடவை மடிப்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது, அதிகாரிதான். நான் நேரடியாக விஷயத்துக்கு வந்தேன்.

"உன் வீட்டுக்காரர் கரையில இருக்காரு. அவர் போன் ஏன் கடல்ல இருக்கு?"

"அது இன்னா அவரு போனா? போட்டு போனு!" படகின் போன் என்று இப்போதுதான் கத்தினாள். "கடலுக்கு எவன்னா நல்ல போன எத்துனு போவானா? உப்புத் தண்ணி பட்டா பூடும். பட்டன் போனு ஒண்ணு வாங்கி, கவர்ல சுத்தி போட்லயே வெச்சிருவோம். இந்த குப்பம் முழுக்க அப்டி தான். யாரு போட்ட எத்துனு போறாங்களோ போனு அவங்க கைல. சின்ன புள்ளைய கேட்டாகூட சொல்லும். நேரா வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே! இவுருக்கு முட்டி வலி, ஒரு வாரமா பாதி நாளு கடலுக்கே போல. இன்னிக்கு போட்ட எத்துனு போனது என் தம்பி..."

அங்கே நிறுத்தினாள்.

அவள் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. கணவனைக் காப்பாற்றும் அதே மூச்சில் தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்ன வழக்கு என்று நாங்கள் இன்னும் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகப் பிரபுவின் கையில் புதுப் பொருளும் புதுச் சகவாசமும் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"அவனா?" என்றாள். "இவர இட்டுனு போறதுக்கு வந்தீங்களா?"

"ஆமா. சாயங்காலத்துக்குள்ள."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து தன் செல்லை எடுத்தாள். தாமு பதறினார். "மேடம், வேணாம்! உஷார் படுத்திடும். அவன் பொட்டலத்த கடல்ல போட்டுட்டு பழவேற்காடு பக்கம் பூடுவான்."

தாமு சொன்னது சரி. விதிப்படி நான் அந்தப் போனைப் பறித்திருக்க வேண்டும். பறித்திருந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்துப் பார்த்தேன். பிரபு வழக்கம்போல வேறு எங்கேயோ பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வெறும் ஐஸ் பெட்டியுடன் வருவான். உத்தரவு செத்துவிடும். என் அதிகாரிக்குக் கையில் இருக்கும் ஒரே பெயர் ஏழுமலை. என் வேலை போனாலும் பரவாயில்லை என்றெல்லாம் வீரமாக நினைக்கவில்லை. இந்தப் பெண்ணின் பேச்சை ஒரு வாரமாகக் கேட்டிருக்கிறேன், இவள் பொய் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. அதை நம்பினேன். "பேசட்டும்" என்றேன்.

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். மோட்டார் சத்தம். காற்று.

"இன்னாக்கா?"

"டேய் பிரபு, போலீஸ் என் எதுருல நின்னுகினு கீது. இந்த போனையும் கேட்டுகினு தான் கீறாங்க. அதனால நான் சொல்றத மட்டும் கேளு. கைல இன்னா கீதோ அத்த கடல்ல போடாத. யாராண்டயும் குடுக்காத. நேரா கரைக்கு வா. உன் மாமாவ உள்ள தள்ள வந்துகீறாங்க. நீ வரலனா அவரு போவாரு. உனுக்கு சோறு போட்ட மனுசன். அவ்ளோ தான் சொல்வேன்."

லைன் அறுந்தது.

அடுத்த நொடி என் செல் அலறியது. அறையிலிருந்த பெண் காவலர். "மேடம்! அந்தம்மா அவன்கிட்ட போலீஸ்னு சொல்லிடுச்சு!"

"தெரியும்மா. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

கரைக்குப் போனோம். கஸ்தூரி கணவனிடம் போய் நாலு வார்த்தை சொன்னாள். ஏழுமலை வலையைக் காலிலிருந்து கழற்றிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"மேடம், நானே வரேன். என் பேர்ல தான் போனு, என் பேர்ல தான் போட்டு. அவனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆவல."

"யோவ், சும்மா குந்து" என்றாள் கஸ்தூரி. அதட்டலாகத்தான் சொன்னாள், ஆனால் அழுதுகொண்டே சொன்னாள். தாமு கடலுக்கு முதுகைக் காட்டி நின்று மூக்கைச் சிந்தினார். மிளகாய் மண்டி நினைவு வந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

காத்திருந்தோம். அதிகாரியின் அழைப்புகளை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அவன் வரவில்லை என்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களில் யாராவது கேட்கலாம். ஏழுமலையை விட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய் திட்டு வாங்கியிருப்பேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமில்லை.

கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருந்த தூண்டில் வளைவைச் சுற்றிக்கொண்டு ஒரு பைபர் படகு வந்தது. கஸ்தூரி அதைப் பார்த்ததும் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் வரவேண்டும் என்று கூப்பிட்டதும் அவள்தான், வராமல் போய்விடக்கூடாதா என்று அந்த நொடி வேண்டிக்கொண்டதும் அவள்தான் என்று எனக்குத் தோன்றியது.

பிரபு மெலிந்த இளைஞன். ஐஸ் பெட்டியை இறக்கி என் காலடியில் வைத்தான். மீனுக்கு அடியில் பொட்டலம் இருந்தது. பிறகு பாலிதீன் கவரில் சுற்றிய பட்டன் போனை எடுத்து, என்னைத் தாண்டிப் போய், ஏழுமலையின் கையில் கொடுத்தான். அடுத்து கடலுக்குப் போகிறவர் அவர்தானே. அதுவே அவர்கள் வழக்கம். தாமு தயங்கித் தயங்கி அதை அவரிடமிருந்து வாங்கினார். வழக்குப் பொருள், வாங்காமல் முடியாது.

"அப்ப நாளைக்கு கடலுக்கு எத்த எத்துனு போறது?" என்றார் ஏழுமலை. அவர் எங்களிடம் விசாரித்தது அது ஒன்றுதான்.

பிரபு அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினான்.

மீதிக் கதை ஆபீஸ் கதை. கஞ்சாவுக்காக நாடே நடுங்க வேண்டியதில்லை என்று உள்துறை உத்தரவை உறுதி செய்யவில்லை. பதிவுகளை அழித்தோம். வழக்கு பொட்டலத்தின் மேல் நின்றது, பிரபு குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போனான். கரையில் வாங்கவேண்டியவனை வேறு பிரிவு பிறகு பிடித்தது. படகு, உரிமையாளருக்குத் தெரியாமல் பயன்பட்டது என்று நானே எழுதிக் கொடுத்தேன், கோர்ட் விட்டுவிட்டது. சிக்னல் இல்லாத விவகாரத்துக்காக எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எங்கள் அதிகாரி ஒரு கூட்டத்தில் இதை ஒட்டுக்கேட்டலின் வெற்றி என்று படம் போட்டுக் காட்டினார். அந்த வாரம் முழுக்க நாங்கள் பதிவு செய்ததில் உருப்படியானது ஒரே ஒரு பேச்சு. அதுவும் நாங்கள் கேட்கிறோம் என்று தெரிந்தே ஒருத்தி பேசியது. அதை அவர் படத்தில் போடவில்லை.

இப்போது பின்வரிசைத் தம்பிக்கு. அதிகாரத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் கோர்ட், சட்டமன்றம், நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும். ஒட்டுக்கேட்டு உயிரைக் காப்பாற்றிய வழக்குகளும் உண்டு, நானே செய்திருக்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. அன்று சாயங்காலத்தோடு உத்தரவு முடிகிறது என்ற கெடு ஒன்று இருந்ததால்தான் நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கரைக்குப் போனேன். நீ ஆசைப்படுகிற மாதிரி எல்லாக் கேஸுக்கும், எப்போதும், இஷ்டத்துக்குக் கேட்கலாம் என்று இருந்திருந்தால், நான் அந்த மாடியில் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருப்பேன். ஏழுமலை ஒரு வருடம் உள்ளே இருந்திருப்பார். எனக்கு அது தப்பு என்றுகூடத் தெரிந்திருக்காது. குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் எங்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது, ஏனென்றால் யாரும் போன் எடுத்து, இது படகின் போன் என்று சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பதில்லை. தெரிந்த விஷயத்தை மனிதர்கள் போனில் பேசுவதில்லை, தம்பி. அதை நேரில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். அதற்கு எந்தச் செயலாளர் கையெழுத்தும் வேண்டாம்.

தாமு அதன் பிறகு ஹெட்போனைத் தொடவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் பக்கம் போக்குவரத்துக்குப் போனார். லாரிக்காரர்கள் திட்டுவதை மட்டும் கேட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்ததாகச் சொல்வார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்தூரியிடம்தான் மீன் வாங்குகிறேன். முதலில் ரொம்ப நாள் விற்க மாட்டேன் என்றாள். என்னைப் பார்த்ததும் நல்ல மீனையெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளிவிடுவாள். இப்போது விற்கிறாள். வலித்த பல்லைப் பிடுங்கிவிட்டதாக அவளே சொன்னாள். பிரபு வெளியே வந்துவிட்டான் என்று ஏழுமலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மீஞ்சூர் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. கடலுக்கும் வருவதில்லை, அக்காவுடன் பேசுவதும் இல்லை. அவள் அவனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன ஞாயிறு எனக்கு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் செல் அடித்தது. திரையைப் பார்த்தவள் ஈரக் கையோடு அப்படியே இருந்துவிட்டாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. பெயரை நானும் பார்த்துவிட்டேன், பழைய பழக்கம். பிரபு.

கஸ்தூரி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் அதே வாய்தான்.

"இன்னா மேடம், ஸ்பீக்கர்ல போடட்டா? உனுக்கு சவுரியமா இருக்கும்."

சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சாலையைக் கடந்து, கருங்கல் மேல் ஏறி, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஒரு கையால் வாயை மறைத்திருந்தாள். ரொம்ப நேரம் நின்றாள். நான் ஈ ஓட்டிக்கொண்டு அவள் மீனுக்குக் காவல் இருந்தேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.